டாக்டரு இன்னா சொன்னாரு?

1984 அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் கும்மிடிப்பூண்டியில் "சாப்டியா?" என்கிற விசாரிப்பே மறந்துபோயிருந்தது. எதிரே வருகிறவரைப் பார்த்ததும் வாயில் வந்தது ஒரே கேள்விதான்: "டாக்டரு இன்னா சொன்னாரு?"

எந்த டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே. எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டே. அக்டோபர் 5-ஆம் தேதி இரவு முதலமைச்சர் எம்.ஜி.ஆரை அப்போலோ மருத்துவமனையில் சேர்த்தார்கள். முந்தைய வருஷம்தான் திறந்திருந்த ஆஸ்பத்திரி அது. சிறுநீரகக் கோளாறு என்றார்கள். 13-ஆம் தேதி பக்கவாதம் வந்தது. 16-ஆம் தேதி இந்திரா காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜப்பானிலிருந்து டாக்டர் கானு வந்தார். இத்தனையும் எங்களுக்கு ஹண்டே தந்த தகவல்களாகவே வந்து சேர்ந்தன. வானொலியின் மாநிலச் செய்தியில் அவர் பெயர் வந்தால் போதும், ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள்.

அப்பா வைத்திருந்தது ரயில் நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்ட். மேலே தென்னங்கீற்று, கீழே சைக்கிள்கள், முன்னால் ஒரு மேஜை, மேஜைமேல் தோல் உறை போட்ட பிலிப்ஸ் ரேடியோ. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து மெட்ராஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளைப் போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறுவார்கள். ராத்திரி திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள். அந்த மாதம் சைக்கிளை எடுத்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. சீட்டுக்கு ஒரு கையும் ஹேண்டில்பாருக்கு ஒரு கையுமாக நின்றபடி செய்தி கேட்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டை அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பையன்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் கேட்பார்கள், அப்பா தெலுங்கிலேயே சொல்வார். பரம்பரைத் தி.மு.க.காரர்களும் அங்கே நின்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் உடம்பு பற்றிய செய்தியில் கட்சி கொஞ்ச நாள் ஒதுங்கி நின்றது.

எங்களுக்கு அந்தச் செய்தியை அர்த்தப்படுத்திச் சொன்னவர் ஊர் டாக்டர். எல்.ஐ.எம். என்ற அந்தக் கால வைத்தியப் படிப்பு படித்தவர். பஜார் தெருவில் இரண்டு அறை கொண்ட கிளினிக். உள்ளே அவர், வெளியே கம்பவுண்டர். கம்பவுண்டர் ரோஸ் நிற மிக்ஸ்சரை நாம் கொண்டுபோகிற பாட்டிலில் ஊற்றுவார். காகிதத்தை நாடா மாதிரி வெட்டி, மடித்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் பல் பல்லாக நறுக்கிப் பிரித்தால் ஆறு வேளைக்கு ஆறு கூர் வரும். பசை தடவி அதைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு கூர் இறங்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் மருந்து சாப்பிட்டாள், ஒரு நாளும் அளவு தப்பியதில்லை.

டயாலிசிஸ் என்ற சொல் முதல்முதலாகச் செய்தியில் வந்த மறுநாள் அந்தக் கிளினிக்கில் நோயாளிகளைவிட நோய் விசாரிக்க வந்தவர்கள் அதிகம். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரை விதை போல இரண்டு வரைந்தார். அவற்றிலிருந்து இரண்டு கோடு கீழே இழுத்தார். "இதான் கிட்னி. ரத்தத்துல கழிவு சேர்ந்தா இது வடிகட்டும். இது வேலை செய்யலன்னா மெஷின்ல வெச்சு வடிகட்டணும்" என்றார். யாரோ ஒருவர், "அண்டே நெலமை சீரா இருக்குன்னாரே, அப்ப எழுந்துடுவாரா?" என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "சீரா இருக்குன்னா இன்னும் மோசமாகலன்னு அர்த்தம். நல்லாயிடுச்சுன்னா டாக்டர் அப்படிச் சொல்லமாட்டார், நல்லாயிடுச்சுன்னே சொல்லுவார்" என்றார். கூட்டம் கலையாமல் நின்றது. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் பிரித்துச் சொல்லக் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

இப்போது யோசிக்கும்போது ஹண்டே நின்ற இடம் எவ்வளவு கடினமானது என்று புரிகிறது. வைத்தியராக, நோயாளியின் உறவுக்காரர்களிடம் உள்ளதைச் சொல்லவேண்டும். உறவுக்காரர்கள் என்று பார்த்தால் தமிழ்நாடே அப்போது உறவுதான். அமைச்சராக, தலைவர் இல்லாத கட்சியும் அரசும் கலங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தீக்குளித்தவர்களைப் பற்றித் தினமும் பேப்பரில் வந்த நாட்கள் அவை. ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் டின்னை எடுப்பார்கள். அந்தச் சமயத்தில் உணர்ச்சி கலக்காத மருத்துவச் சொற்களில், நாள் தவறாமல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது சின்ன விஷயமில்லை.

அத்தைக்கு வானொலி போதவில்லை. அந்த ஐப்பசி அமாவாசைக்கு, தீபாவளி கையோடு, பெரியபாளையம் வழியாக பஸ் ஏறித் திருவள்ளூருக்குக் கிளம்பினாள். என்னையும் கூட்டிப்போனாள். திருவள்ளூர்ப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். தீராத நோய்க்காரர்கள் அமாவாசையன்று குளத்தில் முங்கி, உப்பும் மிளகும் வெல்லமும் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையவேண்டும் என்பது வேண்டுதல். படியில் உட்கார்ந்து அத்தை மூன்று பொட்டலங்களைப் பிரித்தாள். யார் பேருக்கு என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். "எம்.சி.ஆருக்கு" என்றாள் அத்தை. அந்த அம்மாளும் தன் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "நானுந்தான்" என்றார். குளத்தின் நாலு பக்கப் படிகளிலும் அப்படி எத்தனை பேர் கரைத்தார்களோ. திரும்பி வரும்போது பெரியபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பவானியம்மன் கோயில் வாசலில் நின்று, அவர் எழுந்து வந்தால் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாக நேர்ந்துகொண்டாள். ஆடியில் செய்தும் முடித்தாள்.

அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி சுடப்பட்டார். நவம்பர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆரை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளின், டவுன்ஸ்டேட் என்ற பெயர்களை எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லப் பழகினார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி என்பது பிற்பாடு தெரிந்தது. டிசம்பர் 24-ஆம் தேதி தேர்தல். ஆண்டிப்பட்டித் தொகுதிக்குள் காலடி வைக்காமலே அவர் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார்.

ஹண்டேயைப் பற்றி எனக்கு அதற்கு முன்னால் தெரிந்திருந்தது ஒரு எண் மட்டும்: 699. அப்பாவின் ஸ்டாண்டில் அரசியல் பேசும்போது அடிக்கடி வரும் எண். 1980 தேர்தலில் அண்ணா நகரில் கலைஞரை எதிர்த்து நின்று 699 வாக்குகளில்தான் தோற்றார் ஹண்டே. தோற்றவரைத்தான் எம்.ஜி.ஆர். அமைச்சராக்கினார். அண்ணா நகருக்கு அடுத்த ஷெனாய் நகரில் அவர் பெயரில் இன்றும் மருத்துவமனை இருக்கிறது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து வந்தவர் என்பதும், பார்க் டவுன் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பிற்காலத்தில் பா.ஜ.க.வுக்குப் போனார். கம்பராமாயணத்தை ஆங்கில உரைநடையில் எழுதினார். அந்த மனிதரின் அரசியல் பயணத்தில் எனக்கு உடன்பாடில்லாத வளைவுகள் உண்டு. கையில் ஸ்டெதாஸ்கோப் பிடித்த பழக்கம் அவர் பேச்சில் எப்போதும் இருந்தது என்பதில் மாறுபாடு கிடையாது.

மருத்துவர்கள் அரசியலுக்கு வருவது சென்னை மாகாணத்தில் பழைய வழக்கம். திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சி. நடேச முதலியார், ஊரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை என்று பார்த்து விடுதி தொடங்கினார், அது திராவிட இயக்கத்தின் ஒரு வேரானது. புதுக்கோட்டையிலிருந்து வந்து 1912-இல் மருத்துவம் படித்து முடித்த முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைத் துணைத் தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் எழுப்பியது. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்தைப் பார்த்தார். இவர்கள் எல்லோரும் மேடையிலிருந்து மருந்தகத்துக்குப் போகாமல், மருந்தகத்திலிருந்து மேடைக்கு வந்தவர்கள். நோயாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் சபைக்குப் போனார்கள்.

'கிட்னி' என்ற சொல் எங்கள் ரயில் பாதையை விட்டுப் போகவேயில்லை. அந்தப் பக்கம் திருவள்ளூர் லைனில் வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகி, அந்த ஊரையே 'கிட்னிவாக்கம்' என்று கூப்பிட்டார்கள். 1994-இல் உறுப்பு விற்பனையைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் இந்தப் பக்கம் எங்கள் லைனில், எண்ணூருக்கு முன்னால் எர்ணாவூரில், சுனாமியில் வீடிழந்த மீனவர்களுக்காகப் போட்ட குடியிருப்பில், பெண்கள் கிட்னியை விற்றுக் கடன் அடைத்த கதை 2007-இல் வெளியே வந்தது. செய்தி வந்த நாளில் நான் அந்த வழியாக ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியில் எல்லோர் கையிலும் பேப்பர். ஒருவர்கூட "கிட்னின்னா இன்னா?" என்று கேட்கவில்லை. எங்களுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது ஒரு முதலமைச்சரின் படுக்கை. சொந்த அண்ணன் மகள் அன்பினால் கொடுத்ததை, நாட்டு மக்கள் வெல்லம் கரைத்து வேண்டியதை, கடன்காரனுக்காக எர்ணாவூர்ப் பெண்கள் அறுத்துக் கொடுத்தார்கள் என்று நினைத்தபோது கத்திவாக்கம் ஸ்டேஷன் கடந்ததே தெரியவில்லை.

ஹண்டேயின் வாழ்வில் இன்னொரு அறிவிப்பு உண்டு. என் கணக்கில் 1984-ஐவிடப் பெரியது அதுதான்.

1986 மே மாதம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் வியாதி, நம் நாட்டுக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார் சுனிதி. நிர்மலா சென்னைக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. எடுத்ததைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அந்த முடிவைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று அறிவித்தவர் ஹண்டே. இந்தியாவில் அந்தக் கிருமி இருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அன்றைக்கு ஒரு அமைச்சர் அதை மூடி வைத்திருக்கலாம். மூடி வைப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. தமிழ்நாட்டுக்குக் கெட்ட பெயர், பெண்களைப் பற்றிய அவதூறு, சோதனையே தப்பு என்ற பேச்சு எல்லாம் பின்னால் வரத்தான் செய்தன. தலைவரின் உடல்நிலையைச் சொல்லும்போது நாடே காது கொடுத்தது. இதைச் சொல்லும்போது யாருக்கும் கேட்க விருப்பமில்லை. கேட்க விரும்பாத வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்வதுதான் வைத்தியத்தில் மிகக் கஷ்டமான வேலை என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்வார். அதை ஹண்டே சபையில் செய்தார். அதன்மேல்தான் பின்னால் எல்லாம் கட்டப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது, மற்ற மாநிலங்கள் அந்த முறையைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

அந்தச் செய்தி எங்கள் சைக்கிள் ஸ்டாண்ட் ரேடியோவில் கட்டாயம் வந்திருக்கும். யாரும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்கவில்லை. யாரும் டாக்டர் கிளினிக்குக்குப் போய்ப் படம் வரைந்து காட்டச் சொல்லவில்லை. ஆனால் எம்.ஜி.ஆரின் சிறுநீரகத்தைவிட எங்கள் ஊருக்கு நெருங்கிய செய்தி அது. கும்மிடிப்பூண்டி கல்கத்தா நெடுஞ்சாலை ஊர். பெத்திக்குப்பம் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்களும் கிளீனர்களும் இறங்கிக் குளிப்பார்கள், சமைப்பார்கள், தூங்குவார்கள். டீக்கடை, பங்க், டயர் கடை எல்லாம் அந்த வரிசையை நம்பித்தான் இருந்தன. ராத்திரியில் வேறு சிலவும் இருந்தன, ஊர் அதைப் பற்றிப் பேசாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வாலிபர்கள் இளைத்துப் போனார்கள். காச நோய் என்றார்கள் வீட்டில். வயிற்றுப்போக்கு என்றார்கள். செய்வினை என்றும் சொன்னார்கள். கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்தில் மனைவிக்கும் அதே இளைப்பு வந்தது. சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்ட ஆள் வராத காட்சியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். அந்த வீட்டுக்கு எங்கள் எல்.ஐ.எம். டாக்டர் வந்தார். வயதாகி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, பையனின் தலையில் அவரே ஊற்றினார். "தொட்டா வராது. பத்து வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, நாமதான் காதுல வாங்கல" என்றார். அதன்பிறகு இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

அப்புறம் லாரிக்காரர்களுக்காகத் தனியாக ஆட்கள் வந்தார்கள். சாவடிப் பக்கம் தெருக்கூத்துப் போல நாடகம் போட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரெங்கும் விளம்பரப் பலகை நின்றது. குழந்தைகள்கூட அதைக் கேட்டுச் சிரித்தார்கள். வெட்கப்பட்டுப் பேசாமலிருந்த ஊர் சிரித்தாவது பேச ஆரம்பித்தது நல்லதாகவே பட்டது.

அந்தக் கும்மிடிப்பூண்டியில் பாதி இன்றைக்கு இல்லை. செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தது 1997-இல் திருவள்ளூர் மாவட்டமானது. சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன, டோக்கனுக்குப் பதில் அச்சிட்ட ரசீது. சிப்காட் ஏரிக்கரைகளையும் நெல் வயல்களையும் தாண்டிப் போய்விட்டது. இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி மொட்டைமாடித் துணியில் படிகிறது. ஸ்டேஷனில் இறங்குகிற பையன்கள் ஒடியாவும் பெங்காலியும் பேசுகிறார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெத்திக்குப்பத்தில் பழைய லாரி வரிசை கிடையாது. பஜார் தெருக் கிளினிக் செல்போன் கடையாகிவிட்டது. மிக்ஸ்சர் பாட்டிலும் பல் வெட்டிய காகிதமும் என் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிவதில்லை. திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வீரராகவர் குளத்தில் அமாவாசைக் கூட்டமும் குறையவில்லை.

2016-இல் ஜெயலலிதா அதே அப்போலோவில் 75 நாள் இருந்தார். மருத்துவமனையின் அறிக்கைகள் போனிலேயே வந்தன. கூடவே ஆயிரம் வதந்திகளும் அதே போனில் வந்தன. எதை நம்புவது என்று கேட்க எங்களுக்கு ஒரு பஜார் தெரு டாக்டர் இல்லாமல் போனார். அவர் அதற்குச் சில வருஷம் முன்பே காலமாகியிருந்தார். அறிக்கையை யார் எழுதினார்கள் என்பதைவிட, அதை உட்கார்ந்து பிரித்துச் சொல்ல ஊருக்குள் ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் அந்த இரண்டு காலங்களுக்கும் இடையில் நான் பார்த்த வித்தியாசம்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பழைய லாரி கிளீனர், பிறகு டிரைவர். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த வருஷமே அங்கே பெயர் எழுதினார். விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து சென்ட்ரல், நடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம். மாதா மாதம் இப்படிப் போய்வந்தார். மாத்திரை டப்பாவை எவர்சில்வர் டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து எடுத்து வருவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மனைவியும் அதே மருந்தில்தான் இருக்கிறார். மகளுக்குக் கிருமி இல்லை. போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம் செய்தார். பத்திரிகை வைக்க வந்தபோது சட்டமன்ற அறிவிப்பு, நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜ், ஹண்டே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டரம்மா இப்ப எங்க இருக்காங்க? ஒரு பத்திரிகை குடுக்கலாமா?" என்றார்.